வீட்டில் 94 காட்டுகிறது, விமானத்தில் ஆக்சிஜன் வேண்டுமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். என் அம்மாவுக்கு 67 வயது. மூன்று வருடமாக நுரையீரல் தழும்பு நோய். ரிப்போர்ட்டில் ஐ.எல்.டி. என்று போட்டிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஆக்சிமீட்டர் 94 காட்டுகிறது. மாடிப்படி ஏறினால் 86 வரை இறங்குகிறது, உட்கார்ந்ததும் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வீட்டில் ஆக்சிஜன் உபயோகிப்பதில்லை. கோவிட் சமயத்தில் வாங்கிய சின்ன சிலிண்டர் ஒன்று மட்டும் கிடக்கிறது. தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். முதல் விமானம் 4 மணி நேரம், நடுவில் 3 மணி நேரம் காத்திருப்பு, அடுத்த விமானம் 9 மணி நேரம். "94 இருக்கே, தாராளமா போகலாம்" என்கிறார் குடும்ப டாக்டர். உறவினர் ஒருவரோ "ஆக்சிஜன் இல்லாம ஏத்தாதே" என்று பயமுறுத்துகிறார். எங்கள் சிலிண்டரை எடுத்துப் போகலாமா? விமானத்திலேயே மேலிருந்து மாஸ்க் விழுமே, அது போதாதா? இன்னொரு சிக்கல்: மூக்கில் குழாயோடு நாலு பேர் பார்க்க உட்கார மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

பதில்: மேலிருந்து விழும் மாஸ்க்கை முதலில் மறந்துவிடுங்கள். கேபினில் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால், விமானி விமானத்தைத் தாழ்வான உயரத்துக்குக் கொண்டுவரும்வரை பயணிகள் மயங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பல விமானங்களில் அந்தப் பெட்டிக்குள் சிலிண்டர்கூடக் கிடையாது. மாஸ்க்கை இழுத்ததும் ரசாயன மாற்றத்தால் ஆக்சிஜனை உண்டாக்கும் ஒரு சிறு கலம்தான் இருக்கும். கால் மணி நேரம் போல ஓடும், ஓட ஆரம்பித்தால் நிறுத்தவும் முடியாது. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்பதற்காக அதைத் திறக்க மாட்டார்கள். பணியாளர்களிடம் முதலுதவிக்கென்று சில சிலிண்டர்கள் இருக்கும். அவை யாருக்கோ நடுவழியில் எதிர்பாராமல் நேரும் ஆபத்துக்கு வைத்திருப்பவை. முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு அவற்றை நம்பி ஏறக் கூடாது.

வீட்டு சிலிண்டரும் வேண்டாம். அமெரிக்க நிறுவனங்களின் விமானங்களில் பயணி தன் சொந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவர அனுமதியே இல்லை. வேறு சில நிறுவனங்கள் மொத்த எடை 5 கிலோவைத் தாண்டாத சிலிண்டரை முன் அனுமதியோடு ஏற்பதுண்டு. திரவ ஆக்சிஜன் என்றால் எங்குமே ஏற்ற மாட்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 170 லிட்டர் பிடிக்கும் ஒரு சிறு சிலிண்டரை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் 85 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உங்கள் பயணம் 16 மணி நேரம்.

இனி அந்த 94க்கு வருவோம். உங்கள் குடும்ப டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். தரையில் 92, 95 என்று கோடு கிழித்து, இதற்கு மேல் இருந்தால் பறக்கலாம், இதற்குக் கீழே என்றால் ஆக்சிஜன் வேண்டும் என்று முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து எடுத்த எண்ணை மட்டும் வைத்து மேலே என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்பது பிறகுதான் தெளிவாயிற்று.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு ஏற்றுவதில்லை. கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம் என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய ரகங்களில் இது 6,000 அடி அளவில் நிற்கும். டிக்கெட் எடுக்கும்போது தேர்வு செய்ய வழியிருந்தால் நீண்ட பயணத்துக்கு அந்த ரகத்தைப் பாருங்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், 8,000 அடியில் சுவாசிப்பது தரையில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகிறது. ஆரோக்கியமானவருக்கே ஆக்சிமீட்டர் 90ஐ ஒட்டி இறங்கும். அவருக்கு அது தெரியாது, படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவின் விஷயம் வேறு. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தையும் ஆக்சிமீட்டர் எண்ணையும் இணைத்து வரைந்தால், மொட்டை மாடி மாதிரி ஒரு தட்டையான பகுதியும் அதை ஒட்டிச் சரேலென்ற இறக்கமும் வரும். அழுத்தம் (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) 100இலிருந்து 70க்கு விழுந்தாலும் ஆக்சிமீட்டர் 98இலிருந்து 94க்குத்தான் வரும். 60இல் சுமார் 90 காட்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு படிக்கும் எண் மளமளவென்று சரியும். 94இல் இருக்கும் அம்மா மாடியின் கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறார். கேபின் அழுத்தம் அவரை இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும். அதோடு மாடிப்படியில் 86க்கு இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். தழும்பு ஏறிய நுரையீரலில் உடல் அசைந்தால் எடுத்துக்கொடுக்கக் கையிருப்பு இல்லை. மேலே, கழிவறைக்கு நடக்கும் இருபது அடி தூரம் அந்த மாடிப்படியைவிடக் கடினமாக இருக்கும்.

ஆகவே ஊகம் வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். நுரையீரல் செயல்பாட்டு ஆய்வகம் உள்ள பெரிய மருத்துவமனைகளில் 'ஹைப்பாக்சிக் சேலஞ்ச்' என்று கேட்டுப் பாருங்கள். 15 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றை மாஸ்க் வழியாக 20 நிமிடம் சுவாசிக்கச் சொல்வார்கள். விமானத்தில் ஏறாமலே விமானத்தில் உட்காருவது போலத்தான். முடிவில் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 50 மில்லிமீட்டருக்குக் கீழோ, ஆக்சிமீட்டர் 85க்குக் கீழோ போனால் விமானத்தில் ஆக்சிஜன் வேண்டும் என்று பொருள். அப்போதே மூக்குக் குழாயில் 2 லிட்டர் கொடுத்து எண் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். அந்த வசதி இல்லாத ஊரில் நுரையீரல் டாக்டர் ஆறு நிமிட நடைச் சோதனை, ரத்த வாயுப் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதி அளப்பது), டி.எல்.சி.ஓ. எண் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்ற அளவு) இவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், ஆக்சிஜன் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் எத்தனை லிட்டர் என்பதை நேரில் பார்க்காமல் நான் எழுத மாட்டேன்.

தேவை என்று முடிவானால் வழி இரண்டு. ஒன்று, விமான நிறுவனமே தருவது. சில நிறுவனங்கள் தருகின்றன, சில தருவதே இல்லை. பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர் என்ற இரண்டு அளவுகளில்தான் வரும், நடுவில் 3 என்று வைக்க முடியாது. கட்டணமும் இருக்கலாம். இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு: அந்த ஆக்சிஜன் விமானத்துக்குள் மட்டும்தான். கதவைத் தாண்டி இறங்கிவிட்டால் கிடையாது. உங்கள் விஷயத்தில் நடுவே 3 மணி நேரம் இருக்கிறது. நீண்ட நடைபாதை, பாதுகாப்புச் சோதனை வரிசை, இன்னொரு முனையத்துக்குப் பேருந்து. அம்மாவுக்கு 86 காட்டும் வேலையெல்லாம் அங்கேதான்.

அதனால் நான் இரண்டாவது வழியையே சொல்வேன். போர்ட்டபிள் கான்சென்ட்ரேட்டர். இது சிலிண்டர் இல்லை. சுற்றியுள்ள காற்றை உள்ளிழுத்து, ஜியோலைட் என்ற துகள்களால் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, செறிவான ஆக்சிஜனை வெளியே அனுப்பும் இயந்திரம். உள்ளே அழுத்தத்தில் அடைத்த வாயு இல்லாததால் விமான நிறுவனங்கள் ஏற்கின்றன. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. 2005இல் இதை விமானத்தில் பயன்படுத்த அனுமதித்தபோது மாடல் மாடலாகப் பெயர் சொல்லி அனுமதித்தது. 2016 விதிமாற்றத்துக்குப் பிறகு, எஃப்.ஏ.ஏ. நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே இயந்திரத்தின் மேல் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மற்ற நாட்டு நிறுவனங்களும் அந்தச் சீட்டைத் தேடுவதுண்டு. வாடகைக்கு எடுக்கும்போது நீங்களே திருப்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிளக்கில் மாட்டி ஓட்டும் பெரிய கான்சென்ட்ரேட்டரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தோளில் மாட்டும் சிறிய ரகங்கள் பெரும்பாலும் ஆக்சிஜனைத் தொடர்ந்து விடுவதில்லை. நீங்கள் மூச்சை இழுக்கத் தொடங்கும் கணத்தை உணர்ந்து ஒரு 'புஸ்' விடும், மூச்சை விடும்போது சும்மா இருக்கும். பல்ஸ் முறை என்பார்கள். அதன் பொத்தானில் உள்ள 1, 2, 3 வெறும் எண்கள். '2' என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் இல்லை. ஒரு கம்பெனியின் 2ஆம் எண்ணும் இன்னொரு கம்பெனியின் 2ஆம் எண்ணும் சமமும் இல்லை. டாக்டர் சீட்டில் '2 லிட்டர்' என்று எழுதியிருக்கும், வீட்டார் பொத்தானை 2இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

என்னிடம் வரும் ஒரு பெரியவர் வாடகை இயந்திரத்தைக் காட்ட வந்தார். பயணத்துக்கு நான்கு நாள் இருந்தது. 2இல் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது 93. "நடங்க" என்றேன். கிளினிக் வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்புவதற்குள் 84. எண்ணை 4க்கு ஏற்றி, இளைப்பாறவிட்டு, மறுபடி நடக்கச் சொன்னோம். 90க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு அவரை அரை மணி நேரம் கண்ணயரச் சொன்னேன். வாய் திறந்து தூங்குபவர். மூக்கில் இழுப்பு பலவீனமானதும் இயந்திரம் மூச்சைக் கண்டுபிடிக்கவில்லை, பீப் பீப் என்று கத்தத் தொடங்கிவிட்டது. அவரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தொடர் ஓட்டம் தரும், கொஞ்சம் கனமான வேறொரு இயந்திரத்துக்கு மாற்றினோம். 9 மணி நேரப் பயணத்தில் அம்மாவும் தூங்குவார். எனவே வாடகைக்கு எடுத்த அதே இயந்திரத்தோடு, உட்கார்ந்து, நடந்து, தூங்கி, மூன்று நிலையிலும் ஆக்சிமீட்டர் எண் என்ன என்று உங்கள் நுரையீரல் டாக்டரின் மேற்பார்வையில் பார்த்துவிடுங்கள். அப்போது கிடைக்கும் எண்ணையும் தரையில் கிடைத்த எண் என்றே கொள்ள வேண்டும். மேலே போனால் எவ்வளவு கூட்டுவது என்று அவர் தனியாக எழுதித் தரட்டும்.

அடுத்தது பேட்டரி. பல நிறுவனங்கள் பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கேட்கும். நான் விமான நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. காத்திருப்பையும் சேர்த்து உங்களுக்கு 16 மணி நேரம், ஒன்றரை மடங்கு என்றால் 24. ஒரு பேட்டரி 4 மணி நேரம் ஓடும் என்றால் ஆறு பேட்டரி. விளம்பரத்தில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் குறைந்த எண்ணில் ஓட்டிய நேரம். அம்மாவுக்கான எண்ணில் அது 3 மணி நேரமாகக் குறைந்தால் எட்டு வேண்டும். வாடகைக் கடைக்காரரிடம் "இந்த எண்ணில் எவ்வளவு நேரம்?" என்றே கேளுங்கள், வீட்டில் ஒரு பேட்டரியை முழுதாக ஓட்டிப் பார்த்தும் விடுங்கள். இருக்கையில் பிளக் இருக்கிறதே என்பார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், வேலை செய்தால் லாபம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-மணிக்கு (Wh) உட்பட்டவை பெரும்பாலும் பிரச்சினையில்லை. 100 முதல் 160 வரை என்றால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் விடுவதில்லை என்பது பொது விதி. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். நல்ல மகன் ஒருவர் அப்பாவுக்குக் கை கனக்கக் கூடாதென்று எல்லாப் பேட்டரியையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, கவுண்டரில் பெட்டியைத் திறந்து துணிமணியெல்லாம் வெளியே எடுத்த கதையும் எனக்குத் தெரியும்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் கஷ்டமில்லை. விமான நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவைக் கூப்பிட்டு 'மெடிஃப்' என்ற மருத்துவத் தகவல் படிவம் கேளுங்கள். ஒரு பகுதியை நீங்களும் மற்றதை டாக்டரும் நிரப்ப வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால் போதும் என்று பல நிறுவனங்கள் சொல்லும். நான் மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வேன், திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நேரம் வேண்டுமே. டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர், இப்போது நிலையாக இருக்கிறார் என்ற வரி, இயந்திரத்தின் பெயர், எந்த எண்ணில், பயணம் முழுக்கவா பாதி நேரமா, இயந்திரம் கத்தினால் அம்மாவோ உடன் வருபவரோ கவனிக்க முடியுமா, இவ்வளவும் இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. பல மாதம் பழைய கடிதத்தை ஏற்க மாட்டார்கள், பயணத்தை ஒட்டிய தேதியில் வாங்குங்கள். இன்னொரு பொறி: டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்கும், விமானத்தை வேறொரு நிறுவனம் ஓட்டும். அனுமதி தர வேண்டியது ஓட்டும் நிறுவனம். உங்களுக்கு இரண்டு விமானம், ஆகவே இரண்டு அனுமதிகளும் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் "சரி சார்" என்றது கவுண்டரில் செல்லாது. திரும்பி வரும் பயணத்துக்கும் இதையெல்லாம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வீல்சேர் கட்டாயம் போடுங்கள், இரண்டு ஊரிலும், நடுவிலும். இருக்கை ஜன்னலோரம், கழிவறைக்கு அருகில். குழாய் யார் காலிலும் சிக்காது. அவசர வழி வரிசையில் உட்கார விடமாட்டார்கள். தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையும் வேண்டாம், இயந்திரத்தை வைக்க முன் இருக்கையின் அடிப்பகுதி தேவை. அதன் காற்றுத் துளைகளைப் போர்வை மூடிவிடாமல் பாருங்கள். ஆக்சிமீட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். கழிவறைக்குப் போகும்போது இயந்திரமும் தோளில் போகட்டும். டாக்டர் எழுதிய நடை எண்ணுக்கு எழுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள், திரும்பி உட்கார்ந்து மூச்சு சீரானதும் இறக்குங்கள். இன்ஹேலர், ஸ்பேசர், மாத்திரை எல்லாம் கைப்பையில். கேபின் காற்று உலர்ந்தது, மூக்கு எரியும். அதற்கு வாசலின் தடவ வேண்டாம், ஆக்சிஜனோடு எண்ணெய்ப் பசை சேரக் கூடாது. நீர் கலந்த ஜெல் கிடைக்கும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

இதைப் படிக்கும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்) நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். ஆக்சிஜனை அதிகம் ஏற்றினால் அது கூடி மயக்கமாகும். 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், 97 காட்ட வேண்டும் என்ற ஆசையில் பொத்தானைத் திருகாதீர்கள். வீட்டிலேயே ஆக்சிஜனில் இருப்பவர்களுக்குப் பொதுவாக விமானத்தில் 1 அல்லது 2 லிட்டர் கூட்டச் சொல்வோம். தரையிலேயே 4 லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறவரைப் பறக்க வேண்டாம் என்றுதான் சொல்வது வழக்கம்.

அம்மாவுக்கும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய சில நிலைமைகள் உண்டு. பயணத்தை ஒட்டிச் சளியோ காய்ச்சலோ கூடினால், எண் வழக்கத்தைவிட இறங்கினால், இருமலில் ரத்தம் வந்தால் புறப்படாதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் மார்பு வலித்து மூச்சு முட்டினால் உடனே எக்ஸ்ரே. தழும்பு நோயில் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே தேங்குவதுண்டு. 8,000 அடி அழுத்தத்தில் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்துவிட்டால், அன்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளாது.

கடைசியாக, அம்மாவின் பிடிவாதம். பேத்தியோ பேரனோ பிறக்கப்போகும் நேரத்தில் தன்னை நோயாளியாகப் பார்ப்பார்களே என்ற கூச்சம் அது, வாதம் செய்து ஜெயிக்க முடியாது. என்னிடம் இதே மாதிரி மறுத்த ஓர் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. குழாய் இல்லாமல் வராந்தாவில் ஒரு சுற்று நடக்கச் சொன்னேன். இளைப்பாறிய பிறகு குழாயோடு இன்னொரு சுற்று. முதல் சுற்றில், கூடவே நடந்த மகள் எது கேட்டாலும் அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது சுற்றில், மருமகள் குழந்தைக்கு வைத்த பெயர் தனக்குப் பிடிக்கவில்லை என்று வராந்தாவின் கோடிவரை சொல்லிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பையை எந்தத் தோளில் மாட்டுவது.